பாதிச் சவரம்

அப்பா எப்படி இறந்தார் என்று டாக்டரம்மா கேட்டதும் சிப்பாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேட்டுவிட்டார். கேட்காமலே அனுப்பிவிடுவாரோ என்று இவ்வளவு நேரம் பயந்துகொண்டிருந்தான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தொண்டையை ஒரு தடவை அடைக்கவிட்டு, மனப்பாடம் செய்ததை ஆரம்பித்தான்.

"திடீர்னுதான் டாக்டரம்மா. காலைல கண்ணாடி முன்னாடி நின்னு ஷேவ் பண்ணிட்டிருந்தாரு. பாதிதான் முடிஞ்சிருந்துச்சு. அப்படியே சாஞ்சுட்டாரு."

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"பாதி ஷேவிங்லயா?"

"ஆமா."

"எந்தக் கன்னம் பாக்கி இருந்துச்சு?"

உலகத்தில் எந்த டாக்டராவது இப்படி ஒரு கேள்வி கேட்பாரா? நல்லவேளை, அதற்கும் பதில் கதையில் இருந்தது.

"இடது கன்னம். நுரை அப்படியே இருந்துச்சு" என்றான்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எதிரில் இருந்தவனை நெற்றியிலிருந்து சட்டைப் பொத்தான் வரை நிதானமாகப் பார்த்தார். இந்தப் பதில்தான் வரும் என்று ஏற்கெனவே தெரிந்தவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். சிப்பாயின் சந்தோஷமெல்லாம் அந்த ஒரு தலையாட்டலில் காற்றாகப் போய்விட்டது.

இவனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிப்பாய் என்று பெயரே தவிர, பட்டாளம் போகிற தெருப்பக்கம்கூடப் போகாதவன். கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறிக்கொண்டு பெண்டாட்டியைக் கூப்பிடுகிற ஜாதி. ஒரு நாடகக் கம்பெனியில் ராஜா கதைகளுக்கெல்லாம் மூன்றாவது சிப்பாயாக நின்று நின்று அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முதல் சிப்பாய்க்கு வசனம் உண்டு. இரண்டாவது சிப்பாய் "அப்படியே ஆகட்டும் அரசே" என்பான். மூன்றாவது சிப்பாய் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் கம்பெனியையே இழுத்து மூடினார்கள். ஈட்டிகூட மிஞ்சவில்லை.

அப்புறம்தான் இந்த வேலை கிடைத்தது. பேட்டைக்குப் பேட்டை கிளினிக் வைத்திருக்கும் குடும்ப டாக்டர்களின் தொழில் திறமையை அளந்து பார்க்க சுகாதாரத் துறை ஒரு திட்டம் போட்டிருந்தது. டாக்டருக்கே தெரியாமல் அளக்க வேண்டும். அதற்கு நோயாளி மாதிரி நடிக்க ஆள் தேவைப்பட்டது. டாக்டர் முகம் பார்த்துப் பேசினாரா, கை கழுவினாரா, குடும்பத்தில் யாருக்கு என்ன வியாதி என்று தானாகக் கேட்டாரா, மனசில் என்ன பயம் என்று விசாரித்தாரா, இப்படி ஒவ்வொன்றாகக் கவனித்து வந்து மார்க் போட வேண்டும்.

பயிற்சி கொடுத்த மேடம் கண்டிப்பான ஆள். கதையில் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது என்றார். எல்லா டாக்டருக்கும் ஒரே கேள்வித்தாள், அப்போதுதான் நியாயமாக இருக்குமாம். மற்ற நடிகர்கள் யார் என்று தெரிந்துகொள்ளவும் கூடாது. ஒருத்தர் போட்ட மார்க்கை மட்டும் வைத்து எந்த டாக்டரையும் எடை போட மாட்டோம், அதனால் நீங்கள் பார்த்ததை நீங்கள் எழுதினால் போதும் என்றார்.

"டாக்டர்கிட்ட மாட்டிக்கிட்டா?" என்று சிப்பாய் கேட்டான். அவனுக்கு முதலில் தோன்றுகிற கேள்வியே அதுதான்.

"அன்னிக்கே வேலை போச்சு. திட்டமும் ஊர் சிரிக்கும்" என்றார் மேடம்.

கதை இதுதான். காலையில் எழுந்ததும் பின்மண்டையில் வலி. வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா தையல் மெஷின் கம்பெனி ஏஜென்ட், பாதி நாள் வெளியூர்ச் சுற்றல். ஒருநாள் பாதிச் சவரத்தில் கண்ணாடி முன்னால் சாய்ந்து போனவர். அப்பாவுக்கு வந்த ரத்தக்கொதிப்பு தனக்கும் வந்திருக்குமோ என்று உள்ளூரப் பயம். டாக்டர் கேட்டால் மட்டும்தான் இதெல்லாம் வெளியே வர வேண்டும். வாழ்நாளில் முதன்முறையாக வசனம் கிடைத்த சந்தோஷத்தில் சிப்பாய் அதைக் குளிக்கும்போதும் சொன்னான், சாப்பிடும்போதும் சொன்னான். தூக்கத்தில் சொன்னதாக மனைவி சொன்னாள்.

அப்படிப்பட்டவனைப் பார்த்துத்தான் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் ஜலதோஷத்துக்கு வந்தாலும் சரி, ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் குடும்ப மரம் வரைந்துவிடுவார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், செத்தவர்மேல் ஒரு கோடு. வியாதி என்பது வேரிலிருந்து மேலே ஏறி வருவது, கிளையைப் பிடித்துக்கொண்டு என்ன வைத்தியம் என்பது அவர் கட்சி. சிப்பாயின் அப்பாவுக்கு ஒரு கட்டம் போட்டு, கோட்டையும் கிழித்தார்.

"அப்பா என்ன தொழில்ல இருந்தாரு?"

"தையல் மெஷின் கம்பெனி ஏஜென்ட். ஊர் ஊராப் போவாரு."

பேனா மறுபடியும் நின்றது.

"கூடப் பிறந்தவங்க?"

"யாருமில்ல டாக்டரம்மா. ஒரே பிள்ளை."

"உங்களுக்குத் தெரிஞ்சு."

"தெரிஞ்சுன்னா?"

"ஒண்ணுமில்ல, கையை நீட்டுங்க" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

மாட்டிக்கொண்டோம் என்று சிப்பாய்க்குத் தோன்றிவிட்டது. சந்தேகப்படாவிட்டால் ஒரு டாக்டர் எதற்காக இப்படித் துருவ வேண்டும்? கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்க அடிக்க நெஞ்சு திக்திக்கென்று அடித்தது. அந்தப் பயத்தில் பிரஷர் எங்கேயோ போய் நின்றது. டாக்டரம்மா இன்னொரு தடவை பார்த்தார். முதல் தடவையைவிட அதிகம். புருவம் சுருங்கியது. அடுத்த வாரம் மறுபடியும் வர வேண்டும் என்றவர், வீட்டு முகவரி கேட்டார்.

கதையில் ஒரு முகவரி இருந்தது. நடுக்கத்தில் அது நினைவுக்கு வரவில்லை. வாய் தன் பாட்டுக்குச் சொந்த வீட்டு முகவரியைச் சொல்லிவிட்டது. பச்சை கேட் போட்ட வீடு, மாடிப்படி வெளியிலேயே இருக்கும் என்றுகூட அடையாளம் சொல்லிவிட்டு, தெருவுக்கு வந்த பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டான்.

மேடத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னான். முகவரி விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டான். திரும்ப வரச் சொன்னார் என்றதும் மேடத்துக்குக் குரலே மாறிவிட்டது. விடாமல் கூப்பிட்டுப் பார்க்கிற டாக்டர்கள் அபூர்வம், அதற்குத் தனி மார்க் உண்டு, கட்டாயம் போக வேண்டும் என்றார். எனக்குப் பயமாயிருக்கிறது மேடம் என்றான் இவன். அந்த நோயாளிக்கும் பயம்தான், அப்படியே இருக்கட்டும் என்று வைத்துவிட்டார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"பிரஷர் நிஜமாவே இருக்கா?"

"அது பயத்துல ஏறினது."

"பயத்துல ஏறினா என்ன, ஏணி வெச்சு ஏறினா என்ன? ஏறிடுச்சுல்ல?"

அன்றிலிருந்து சாப்பாட்டில் உப்பு போய்விட்டது.

இரண்டாவது முறை போனபோது நிலைமை இன்னும் மோசம். கிளினிக் வாசலில் டோக்கன் கொடுக்க ஒரு அம்மாள் உண்டு. யாருக்கும் சிரித்த முகம் காட்டாதவர். "வரிசையில நில்லு" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. அந்த அம்மாள் சிப்பாயைக் கண்டதும் எழுந்து நின்றார். மின்விசிறிக்கு நேராக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க தம்பி" என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். போகிறபோது திரும்பிப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். அதுவரை சிப்பாய்க்கு மாட்டிக்கொண்டோமோ என்ற பயம் மட்டும்தான் இருந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனுக்கு யாராவது மின்விசிறிக்கடியில் இடம் கொடுப்பார்களா? இது வேறு. சாகப்போகிறவனுக்குக் காட்டுகிற மரியாதை இது.

உள்ளே போனதும் டாக்டரம்மா தலைவலியைப் பற்றி ஒப்புக்கு இரண்டு வார்த்தை கேட்டார். அப்புறம் எழுந்து வந்து அவனுடைய காதைப் பார்த்தார். உள்ளே அல்ல, வெளியே. மடலை விரலால் மடித்துப் பார்த்தார், விட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் போய் மற்றக் காதையும் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து டோக்கன் அம்மாளைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாகக் குனிந்து பார்த்தார்கள்.

"அப்படியேதான் இருக்கு" என்றார் டாக்டரம்மா மெதுவாக.

"அச்சு அசல்" என்றார் டோக்கன் அம்மாள், புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"என்ன டாக்டரம்மா இருக்கு?" சிப்பாய் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

இப்போது அதைப் பேச வேண்டாம், முழுசாக உறுதி செய்துகொள்ளாமல் எதையும் சொல்வது தன் வழக்கமில்லை என்றார். வீட்டில் அப்பா வழியில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். காதிலேயே நினைவாக இருந்தவன், இருக்கிறார் என்று சொல்லித் தொலைத்தான்.

"நல்லதாப் போச்சு. நானே வீட்டுக்கு வந்து பார்க்கறேன்" என்றார்.

அன்று முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று காதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவியும் பார்த்தாள். காது காது மாதிரிதான் இருக்கிறது என்றாள். ஆனால் சொல்லும்போது அவள் குரலும் சரியாயில்லை. மறுநாள் காலையில் எழுந்தபோது பின்மண்டையில் விண்ணென்று வலித்தது. கதையில் எழுதியிருந்த அதே இடம்.

இப்போது அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் காலையில் வாசலில் நின்று தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொண்டு தண்டால் எடுக்கிற ஆள். ஜுரம் என்று ஒருநாள் படுத்ததில்லை. அவரை எதிரில் உட்காரவைத்து, நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று சொல்வதற்குள் சிப்பாய் மூன்று தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டான்.

"என்னைக் கொன்னது யாரு? நீயா, அந்த மேடமா?" என்றார் அப்பா.

"அது நீங்க இல்லப்பா. கதையில வர்ற அப்பா."

"உனக்கு எத்தனை அப்பா?"

அடுத்து, எப்படிச் செத்தேன் என்று கேட்டார். சொன்னான். செத்ததைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார் போலிருந்தது. பாதிச் சவரம்தான் அவருக்கு ஆறவில்லை. தன் சர்வீஸில் அரைகுறை முகத்தோடு வந்த வாத்தியாரைக்கூட மைதானத்துக்குள் விட்டதில்லை என்று குதித்தார். டாக்டரம்மா வருகிற நேரத்தில் மட்டும் எங்கேயாவது போய்விட்டு வரச் சொன்னதற்கு, என் வீட்டில் நான் ஒளிவதா என்று மேலும் குதித்தார். கடைசியில் மனைவிதான் ஒரு வழி சொன்னாள். அப்பாவைச் சித்தப்பா ஆக்கிவிடலாம், செத்துப் போன அண்ணனுக்குத் தம்பி. அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை, மாமனாரும் மாமாதான், சின்ன மாமனாரும் மாமாதான். சிப்பாய்தான் இரண்டு நாளாக "சித்தப்பா, சித்தப்பா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே திரிந்தான்.

டாக்டரம்மா தோல் பையோடு பச்சை கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். சித்தப்பாவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. கையைப் பிடித்து நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார். இந்த வயதில் இப்படி ஒரு உடம்பா என்று ஆச்சரியப்பட்டார். அப்பா சிப்பாயை ஒரு பார்வை பார்த்தார். பார்த்தாயா, என்னையா சாகடித்தாய் என்று அர்த்தம்.

"உங்க அண்ணன் போட்டோ ஏதாவது இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

சிப்பாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாம் கரையான் அரித்துவிட்டது என்று அவன் ஆரம்பிப்பதற்குள் அப்பா உள்ளே போய் ஒரு பழைய போட்டோவைக் கொண்டுவந்துவிட்டார். அவருடைய சொந்தப் போட்டோதான், இளவயதில் எடுத்தது. அண்ணனும் நானும் ஒரே சாடை என்றார்.

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பார்த்தார். "அதே காது" என்று முணுமுணுத்தார். பிறகு, "கழுத்துல என்ன விசில்?"

"மெஷின் விக்கப் போற ஊர்ல கூட்டம் சேர்க்க" என்றார் அப்பா, கண்ணை இமைக்காமல்.

சித்தப்பாவிடம் தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதும் கணவனும் மனைவியும் சமையலறைக்குப் போய்க் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூடத்தையே ஒரு குரலில் அடக்கி வைத்திருந்த அப்பா, சிப்பாய்க்கு நினைவு தெரிந்து முதன்முறையாகத் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். விட்டு விட்டுத்தான் காதில் விழுந்தது.

"எனக்கு அப்பவே சந்தேகம்" என்றது டாக்டரம்மாவின் குரல். "அவருக்கு எதுவும் தெரியாதா?"

"தெரியாது. பாவம், தாங்கமாட்டான்" என்றார் அப்பா.

"இனிமே மறைக்கிறது நியாயமில்ல. நானே பக்குவமாச் சொல்றேன்."

மனைவி அவன் கையைப் பிடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனுடைய பயங்களைக் கேலி செய்தே பழகியவள், அன்றைக்கு அந்தக் கையை விடவே இல்லை.

கிளம்பும்போது டாக்டரம்மா வாசலில் நின்று அவன் தோளில் கை வைத்தார்.

"உங்க மனசுல என்ன பயம்? என்கிட்ட சொல்லலாம்."

மார்க் தாளில் கடைசிக் கேள்வி அது. அந்த நேரத்தில் அவனுக்குத் தாளும் நினைவில்லை, கதையும் நினைவில்லை. "செத்துப் போயிடுவேனோன்னுதான் டாக்டரம்மா. ஒண்ணுமே செய்யாமப் போயிடுவேனோன்னு. மேடையில கடைசி வரைக்கும் சும்மா நின்னவன் நான்" என்றான். கண்ணீர் தாரையாக வழிந்தது. வாழ்க்கையில் அவன் சொன்ன வசனங்களிலேயே நன்றாக வந்தது அதுதான். அதில் நடிப்பு கொஞ்சமும் இல்லை.

மேடை என்றதை டாக்டரம்மா வாழ்க்கை மேடை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "தைரியமா இருங்க. சனிக்கிழமை சாயங்காலம், கூட்டமெல்லாம் போனப்புறம் வாங்க. தனியா வராதீங்க. சித்தப்பாவையும் கூட்டிட்டு வாங்க. இது நேர்ல சொல்ல வேண்டிய விஷயம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிப்பாய் நேராக அப்பாவிடம் ஓடினான். எனக்கு என்ன வியாதி என்று சொன்னார் என்று கேட்டான். உன்னைப் பற்றிப் பேச்சே இல்லை என்றார் அப்பா.

"பின்ன என்னதான் பேசினீங்க?"

"செத்தவனைப் பத்தி. கொஞ்சம் எடுத்துவிட்டேன். அவன் வந்து இல்லேன்னு சொல்லவா போறான்?"

"என்னன்னு சொல்லுங்கப்பா."

"டாக்டரம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். அவங்களே சொல்லுவாங்க. என்னைச் சாகடிக்கறப்போ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

அப்பா திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள்கள் குலுங்குவதை மட்டும் சிப்பாய் பார்த்தான். அப்பா அழுது அவன் பார்த்ததே இல்லை. உயிர் பாதி அங்கேயே போய்விட்டது.

சனிக்கிழமை வரை அவன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தலைவலி விடியும்போது வந்து உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்து போயிற்று. சவரம் செய்யப் பயந்து தாடி வளர்த்தான். கண்ணாடி முன்னால் நின்றால்தானே சாய்வதற்கு? மேடத்துக்குப் போன் செய்து, எனக்கு உண்மையாகவே என்னவோ வந்துவிட்டது, டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன் என்று கெஞ்சினான். மேடம் எரிந்து விழுந்தார். இந்தக் கேஸுக்குப் போகிறவர்களுக்கெல்லாம் பாத்திரத்துக்குள் இறங்கிவிடுகிற வியாதிதான் வருகிறது என்றார். ஒப்புக்கொண்டால் வேலை இல்லை என்பதை இன்னொரு தடவை சொன்னார்.

"உசிரே இல்லேன்னா வேலையை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி. "போனதும் மொத்தத்தையும் சொல்லிடுங்க. உண்மையான அப்பா யாருன்னு தெரியாம அவங்க என்ன வைத்தியம் பார்ப்பாங்க?"

அது அவனுக்கும் சரியென்று பட்டது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டான். வேலை போகட்டும், திட்டம் ஊர் சிரிக்கட்டும். எனக்கு அப்பா சாகவில்லை, இதோ நிற்கிறார், இவருக்குப் பிரஷர் இல்லை, அதனால் எனக்கும் இருக்காது என்று காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும்.

மூன்று பேருமாகப் போனார்கள். மனைவி ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா சலவைச் சட்டை போட்டு, மழுமழுவென்று இரண்டு கன்னமும் சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வந்தார். கிளினிக் வெறிச்சோடிக் கிடந்தது. டாக்டரம்மாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. டோக்கன் அம்மாள் மட்டும் காத்திருப்பு இடத்து நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அந்த அறைக்குள் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்கு இத்தனை நாற்காலி?" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

சிப்பாய்க்குப் புரிந்துவிட்டது. பெரிய பெரிய டாக்டர்களையெல்லாம் வரவழைத்திருக்கிறார்கள். ஒருத்தரால் தீர்மானிக்க முடியாத வியாதி. கதவு திறந்து மூடுகிறபோதெல்லாம் உள்ளேயிருந்து பேச்சுக் குரல் வந்தது. யாரோ விசும்புகிற சத்தம். யாரோ ஒருத்தர், எனக்கு இதெல்லாம் வேண்டாம், வீட்டுக்குப் போக விடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் டாக்டரம்மாவின் குரல், எல்லாரும் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தது.

சிப்பாய் சுவரைப் பிடித்துக்கொண்டான். அப்பா அவன் முகத்தைப் பார்த்தார். அவருடைய குறும்பெல்லாம் அப்போதுதான் இறங்கியது போலிருக்கிறது. "டேய், பயப்படாத, நான் சும்மா விளையாட்டுக்கு..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அது இவன் காதில் ஏறவில்லை.

கடைசி நாற்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு டோக்கன் அம்மாள் அவன் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க" என்றான் சிப்பாய். கையெடுத்துக் கும்பிட்டான். "டாக்டரம்மா என்ன கண்டுபிடிச்சிருக்காங்க? நான் எவ்வளவு நாள் இருப்பேன்?"

டோக்கன் அம்மாள் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, தாடி வளர்ந்த அவன் கன்னத்தைத் தொட்டார். சொல்லலாமா வேண்டாமா என்று அறைக்கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல தம்பி, மனசை மட்டும் திடப்படுத்திக்குங்க, உங்க அப்பாவுக்கு நீங்க ஒரே பிள்ளை இல்ல, உள்ள ரெண்டு அக்கா, ஒரு அண்ணன், ஒரு தம்பி வந்து காத்துக்கிட்டிருக்காங்க, எல்லாருக்கும் காலைல பின்மண்டை வலி, எல்லாருக்கும் அப்பா போனது இடது கன்னத்து நுரையோடதான்."